ஸ்பானிஷில் கடந்தகாலம்: முதலில் எதைப் பிடித்துக்கொள்வது?

கேள்வி, ஜனவரி 14
ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. நிகழ்காலத்தில் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். 'காலையில் சாப்பிட்டேன்', 'நேற்று போனேன்' என்று சொல்ல வரும்போது வாய் அடைத்துக்கொள்கிறது. புத்தகத்தில் கடந்தகாலத்துக்கு மட்டும் நான்கைந்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஒன்றே ஒன்றை முதலில் படிப்பதென்றால் எதைப் படிக்கலாம்?

ஜனவரி 14, இரவு
எ கொமீதோ, 'சாப்பிட்டேன்'. இதில் ஆரம்பியுங்கள்.

தமிழில் 'சாப்பிட்டிருக்கிறேன்' என்கிறோம். 'சாப்பிட்டு' அப்படியே நிற்கிறது, 'இரு' மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது: இருக்கிறேன், இருக்கிறாய், இருக்கிறார். ஸ்பானிஷிலும் அதே ஏற்பாடுதான். துணைவினை பின்னால் வராமல் முன்னால் வருகிறது, அவ்வளவு வித்தியாசம். நான் என்றால் எ, நீ என்றால் அஸ், அவர் என்றால் ஆ, நாங்கள் என்றால் எமோஸ், நீங்கள் பலர் என்றால் ஆபெய்ஸ், அவர்கள் என்றால் ஆன். இந்த ஆறும் மனதில் நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி இன்னும் சுலபம். 'ஆர்' என்று முடியும் வினைக்கு 'ஆதோ', 'ஏர்', 'ஈர்' என்று முடிவதற்கு 'ஈதோ'. தொமார், குடிக்க: தொமாதோ. கொமேர், சாப்பிட: கொமீதோ. சலீர், கிளம்ப: சலீதோ. எ தொமாதோ கஃபே, காபி குடித்தேன். ஆன் சலீதோ, கிளம்பிவிட்டார்கள்.

நான் மாட்ரிட்டில் ஓர் உணவகச் சமையலறையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். முதல் நான்கு மாதமும் இந்த ஒன்றை வைத்துத்தான் ஓட்டினேன். "அஸ் கொர்த்தாதோ லா செபோயா?" வெங்காயம் நறுக்கியாச்சா? நறுக்கியாச்சு என்றால் "யா எ கொர்த்தாதோ". ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இந்த அச்சில் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அப்படித்தான் நாக்கில் ஏறியது.

ஜனவரி 15, காலை
எழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். 'கொமீதோ'வில் உள்ள தோவை நம் 'அது', 'இதோ' ஆகியவற்றில் வரும் 'த' மாதிரி மெலிதாகச் சொல்லுங்கள். ஸ்பானிஷ்காரர்களும் இரண்டு உயிருக்கு நடுவில் அந்த எழுத்தை அப்படித்தான் மெலிக்கிறார்கள். ப, க இரண்டும் அங்கே நம் 'அகம்', 'சபை' மாதிரி நெகிழும். தமிழர்களுக்குக் கூலி இல்லாமல் கிடைத்த உச்சரிப்பு இது. என்னோடு மொழி வகுப்பில் இருந்த ஐரோப்பியர்கள் இந்த ஒலிக்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

வல்லினமாகவே நிற்க வேண்டிய இடத்தில் இரட்டித்து எழுதுகிறேன்: எஸ்க்ரீத்தோ, ரோத்தோ. சொல்லின் முதலில் வரும் ப சில இடங்களில் 'பஸ்'ஸில் வருகிற ப.

ஜனவரி 15, மதியம்
இன்னொன்று. பெண்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது.

களைப்பாக இருந்தால் ஆண் கன்ஸாதோ என்பார், நான் கன்ஸாதா என்பேன். அந்தப் பழக்கத்தில் 'வந்துவிட்டேன்' என்பதற்கும் "எ யெகாதா" என்று பல வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு. எ, அஸ், ஆ இவற்றோடு சேர்ந்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் கூட்டத்துக்கும் ஒரே வடிவம்தான்: எ யெகாதோ. மாஸ்டர் ஒரு நாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பக்கத்தில் நின்று, இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினார். அன்றோடு சரியாகிவிட்டது. 'கொமீதா' என்று ஒரு சொல் தனியாக உண்டு, அதற்குச் சாப்பாடு என்று பொருள்.

எ, கொமீதோ என்ற இரண்டு சொல்லுக்கும் இடையில் எதையும் நுழைக்கக்கூடாது. இல்லை என்பதற்கான 'நோ' முன்னால் போகும்: நோ எ கொமீதோ. 'அதை' என்பதும் முன்னால்தான்: நோ லோ எ பீஸ்தோ, அதை நான் பார்க்கவில்லை.

ஜனவரி 16
'பீஸ்தோ' எங்கிருந்து வந்தது, பார்க்க என்பது பெர் என்றால் 'பீதோ' என்றுதானே வர வேண்டும் என்று கீழே ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. விதியை மீறும் சொற்கள் கொஞ்சம் உண்டு, ஒரு டஜன் அளவுக்கு. தினமும் வாயில் வருகிறவை இவை: ஏச்சோ செய்தது, தீச்சோ சொன்னது, பீஸ்தோ பார்த்தது, புவேஸ்தோ வைத்தது, எஸ்க்ரீத்தோ எழுதியது, அபியேர்த்தோ திறந்தது, ரோத்தோ உடைந்தது, புவேல்த்தோ திரும்பியது, முவேர்த்தோ இறந்தது. சமையலறையில் இருப்பவர்களுக்கு ஃப்ரீத்தோ, பொரித்தது. அதற்கு ஃப்ரெயீதோ என்ற ஒழுங்கான வடிவமும் சரிதான் என்று அகராதியில் இருக்கிறது, ஆனால் எங்கள் அடுப்படியில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றையும் உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு காரியத்தோடு கட்டிப்போடுங்கள். 'ரோத்தோ' எனக்கு ஒரு பெரிய மண்சட்டி. 'அபியேர்த்தோ' குளிர்பதன அறையின் கதவு. அதை இரவெல்லாம் திறந்தே விட்டுவிட்டு மறுநாள் காலை "எ தெஹாதோ லா புவேர்த்தா அபியேர்த்தா" என்று நானே போய் ஒப்புக்கொண்டேன். கதவைத் திறந்து விட்டுவிட்டேன் என்று அர்த்தம். அந்த வாக்கியம் சாகும்வரை மறக்காது. அதில் புவேர்த்தா பெண்பால் என்பதால் அபியேர்த்தா பொருந்திப் போகிறது, தெஹாதோ மட்டும் எ-யோடு சேர்ந்ததால் மாறவில்லை. நேற்று சொன்ன விதி இந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு பக்கமும் தெரிகிறது.

ஜனவரி 18, இரவு
முதல் குறிப்பை இன்று திரும்பப் படித்தேன். ஒரு திருத்தம் அவசியம்.

'சாப்பிட்டிருக்கிறேன்' என்ற அச்சைத்தான் கடன் வாங்கச் சொன்னேன், பொருளை இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லவில்லை. தமிழில் இன்று மதியம் சாப்பிட்டதை 'சாப்பிட்டேன்' என்போம். 'நண்டு சாப்பிட்டிருக்கிறேன்' என்றால் எப்போதாவது சாப்பிட்ட அனுபவம் உண்டு என்றாகும். மாட்ரிட்டில் இரண்டுக்கும் எ கொமீதோ தான். இன்று, இன்று காலை, இந்த வாரம், இந்த வருடம் என்று இன்னும் முடியாத எந்தக் காலப் பெட்டிக்குள் நடந்தாலும் அது வரும். எஸ்தா மஞ்ஞானா எ தொமாதோ கஃபே: காலையில் காபி குடித்தேன்.

ஆகவே தமிழ் வாக்கியத்தில் 'இருக்கிறேன்' இருக்கிறதா என்று தேடாதீர்கள். அந்தப் பெட்டி மூடிவிட்டதா என்று பாருங்கள். நேற்று, போன வாரம், 2019 எல்லாம் மூடிய பெட்டிகள். அங்கே மாட்ரிட் காதுக்கு எ கொமீதோ இடறும், புரியாமல் போகாது. நான் பல மாதம் "அயேர் எ கொமீதோ" என்றுதான் சொன்னேன், ஒருவரும் முழிக்கவில்லை.

ஜனவரி 19
இதைப் படித்துவிட்டு மெக்ஸிகோவில் இருக்கும் ஒருவர், "இங்கே யாரும் அப்படிப் பேசுவதில்லையே, தவறாகச் சொல்லிக்கொடுக்கிறீர்களே" என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, நான் ஊரைச் சொல்லாமல் விதியைச் சொன்னது தப்புதான்.

மாட்ரிட்டில் "அஸ் கொமீதோ யா?" என்று கேட்பதை மெக்ஸிகோவில் "யா கொமீஸ்தே?" என்பார்கள். புவெனோஸ் ஐரெஸில் வெறுமனே "கொமீஸ்தே?" முடிந்த காரியம் என்றால், ஐந்து நிமிடம் முன்பு நடந்ததானாலும், அங்கே ஒற்றைச் சொல் வடிவம்தான். ஸ்பெயினிலேயே காலிஸியா, அஸ்தூரியாஸ், கனாரித் தீவுகளில் அப்படித்தான். எங்கள் உணவகத்தின் முதலாளி காலிஸியாக்காரர், "ஓய் கொமீ முச்சோ" என்பார். இன்றைக்கு நிறையச் சாப்பிட்டேன். அவருடைய தாய்மொழியான காலிஸிய மொழியில் எ கொமீதோ போன்ற கூட்டு வடிவமே கிடையாது, அதனால் ஸ்பானிஷ் பேசும்போதும் அதைத் தொடுவது அபூர்வம்.

ஆகவே என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். ஸ்பெயினுக்குப் போகிறவர்களுக்கு எ கொமீதோ. மெக்ஸிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா பக்கம் போகிறவர்களும் பேச ஆரம்பிக்க அதையே பிடித்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் புரியும். ஆனால் காது பழக வேண்டியது மற்றதற்கு. பதில் அந்த வடிவத்தில்தான் வரும்.

ஜனவரி 19, சிறிது நேரம் கழித்து
அந்த மற்றது எது என்று சொல்லாமல் விட்டால் சரியில்லை. கொமீ சாப்பிட்டேன், கொமீஸ்தே சாப்பிட்டாய், கொமியோ சாப்பிட்டார். தொமே குடித்தேன், தொமாஸ்தே குடித்தாய், தொமோ குடித்தார். 'நான்', 'அவர்' வடிவங்களில் அழுத்தம் கடைசியில் விழ வேண்டும். தோமோ என்று முன்னால் அழுத்தினால் 'குடிக்கிறேன்', தொமோ என்று பின்னால் அழுத்தினால் 'குடித்தார்'. ஆளும் மாறுகிறது, காலமும் மாறுகிறது. இதை மட்டும் அசட்டை செய்யாதீர்கள்.

முழு அட்டவணை இப்போது வேண்டாம். 'நான்' வடிவத்தில் ஐந்தே ஐந்து: ஃபுய் போனேன், எஸ்தூபே ஓர் இடத்தில் இருந்தேன், ஈஸே செய்தேன், தூபே எனக்கு இருந்தது, பீ பார்த்தேன். அயேர் ஃபுய் அல் மெர்காதோ, நேற்று சந்தைக்குப் போனேன். ஃபுய் என்பதே 'ஆக இருந்தேன்' என்றும் பொருள் தரும், இரண்டு வினைக்கு ஒரே வடிவம். பேச்சின் இடத்தைப் பார்த்தால் தானாகவே புரிந்துவிடும்.

ஜனவரி 22
என்னோடு வேலை செய்யும் பொலிவியா அக்காவிடம் இந்த விவாதத்தைச் சொன்னேன். லா பாஸ் ஊர்க்காரர். 'அயேர்' வந்தால் எ கொமீதோ வராது என்று எழுதினேன் என்றதும், "யார் சொன்னது? நாங்கள் அயேர் எ ஈதோ என்றுதான் சொல்வோம்" என்றார். நேற்றுப் போனேன் என்பதற்கு. உண்மைதான், ஆண்டீஸ் மலைநாட்டில், பொலிவியாவில் குறிப்பாக, கூட்டு வடிவம் நேற்றையும் தாண்டிப் போகிறது. நான் மாதக்கணக்கில் சொன்ன 'தப்பு' அவருடைய ஊரில் சாதாரணப் பேச்சு. ஜனவரி 18 குறிப்பில் 'மாட்ரிட் காதுக்கு' என்று எழுதியிருந்தேன், அந்தச் சொல் நல்லவேளையாகக் காப்பாற்றியது.

அதே அக்காவிடம் இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் செய்த மிளகாய்த் துவையலை வாயில் வைத்ததும் "ஆபீயா சீதோ பிகான்தே!" என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'காரமாக இருந்திருந்தது'. ஆனால் அவர் சொன்னது, 'அட, காரமாக இருக்கிறதே, தெரியாமல் போச்சே!' கெச்சுவா, அய்மாரா மொழிகள் பேசும் மண்ணில் ஸ்பானிஷுக்கு வந்த பழக்கம் அது. புதிதாகத் தெரியவந்ததைச் சொல்ல அந்த மொழிகளில் தனி விகுதிகள் உண்டு. காலையில் எழுந்து ஈரத் தரையைப் பார்த்து 'மழை பெய்திருக்கிறதே' என்கிறோம் அல்லவா, அந்த ஏகாரத்துக்குப் பக்கத்து வீடு.

ஜனவரி 23
இழை கொஞ்சம் மலையேறிவிட்டது. கேட்டவருக்கு உபயோகமானதற்குத் திரும்புகிறேன்.

இப்போதுதான் முடித்த காரியத்துக்கு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் ஒன்று இருக்கிறது: அக்காபோ தெ கொமேர். அக்காபார் என்றால் முடித்தல். 'இப்போதுதான் சாப்பிட்டு முடித்தேன்'. வினையின் மூல வடிவத்தை அப்படியே பின்னால் வைத்தால் போதும், எந்த விதிவிலக்கும் இல்லை. ஏச்சோ, தீச்சோ நினைவுக்கு வராதபோது எத்தனையோ தடவை என்னைக் கரையேற்றியது இதுதான்.

கடந்தகாலத்தில் ஆரம்பித்து இன்னும் தொடர்வதற்கு ஸ்பானிஷில் கடந்தகாலமே வேண்டாம்! 'ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம். அவர்களும் அப்படியே: யேபோ செய்ஸ் ஆஞ்ஞோஸ் அகீ. யேபோ என்றால் சுமக்கிறேன். ஆறு வருடத்தை இங்கே சுமந்துகொண்டு நிற்கிறேன். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர்கள் இந்த இடத்தில் கூட்டு வடிவத்தைத் தேடிப் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள். தமிழ் வழியாகப் போனால் நேர்ப்பாதை. இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருக்கிறது, ஏனென்றால் நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜனவரி 24
இன்னொரு நேர்ப்பாதை, சமையலறையில் கிடைத்தது. "தெங்கோ ஏச்சா லா சால்ஸா." சால்ஸா செய்து வைத்திருக்கிறேன். எ ஏச்சோ என்றால் செய்தேன், அவ்வளவுதான். தெங்கோ ஏச்சா என்றால் செய்து, அது தயாராக இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். நம் 'வைத்திருக்கிறேன்' தரும் அதே நிம்மதி. இங்கே மட்டும் சொல் பொருளோடு பொருந்தும்: சால்ஸா பெண்பால், அதனால் ஏச்சா. எ, அஸ், ஆ என்ற துணைவினையும் லத்தீனில் 'வைத்திருத்தல்' என்ற பொருளில்தான் பிறந்தது. காலப்போக்கில் அந்தப் பொருள் தேய்ந்துபோய் தெங்கோ அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

ஜனவரி 27
பெயர்க் குழப்பம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எ கொமீதோவை ஸ்பெயின் புத்தகங்கள் 'பிரெத்தேரித்தோ பெர்ஃபெக்தோ' என்றும் மெக்ஸிகோ பள்ளிப் புத்தகங்கள் 'ஆந்தெபிரெசெந்தே' என்றும் சொல்லும். இரண்டும் ஒன்றுதான். பின்னதை வைத்தவர் ஆந்த்ரேஸ் பெய்யோ. வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்தவர், அமெரிக்கக் கண்டத்து மக்களுக்காக 1847இல் ஓர் இலக்கணம் எழுதினார். 'நிகழ்காலத்துக்கு முன்னது' என்பது அந்தப் பெயரின் பொருள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும், காலை நிகழ்காலத்தில் ஊன்றியபடி பின்னால் பார்க்கிறது என்பதை அது பெயரிலேயே சொல்லிவிடுகிறது.

பிப்ரவரி 2, இரவு
கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "சின்ன வயதில் ஆற்றில் குளிப்போம் என்று எப்படிச் சொல்வது? எமோஸ் போடலாமா?"

போடக்கூடாது. ஆனால் கேள்வியிலேயே விடை இருக்கிறது. 'குளிப்போம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது எதிர்கால விகுதி! சின்ன வயதில் நடந்ததை எதிர்காலத்தின் வடிவத்தில் சொல்கிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. வழக்கமாக நடந்தது என்று காட்ட தமிழ் அதை எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் ஸ்பானிஷ் வைத்திருக்கும் வடிவம் வேறு: தொமாபா குடிப்பேன், கொமீயா சாப்பிடுவேன், ஈபா போவேன். 'குடித்துக்கொண்டிருந்தேன்' என்பதற்கும் அதே தொமாபா போதும். தமிழில் இரண்டு, அங்கே ஒன்று.

இன்னொரு நல்ல சேதி, மொழி முழுக்க இந்த வடிவத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் மூன்றே மூன்று: ஏரா, ஈபா, பெயீயா. இருத்தல், போதல், பார்த்தல். மற்ற ஆயிரக்கணக்கான வினையும் ஆபா, ஈயா என்ற இரண்டு வாலில் அடங்கிவிடும். இதையே முதலில் படிக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்று மாலை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். இல்லை. வந்த புதிதில் நமக்குத் தேவைப்படுவது காலையில் என்ன செய்தோம், சாவி எங்கே போனது என்பதுதான். எ பெர்தீதோ லா யாபே, சாவியைத் தொலைத்துவிட்டேன். ஊர் ஆறு அப்புறம் வரும். பேச்சில் நெருங்கிய சிநேகிதம் கிடைத்த பிறகு.

தமிழ் கைகொடுக்காத ஓர் இடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'வீடு பெரியதாக இருந்தது', 'கூட்டம் இருந்தது', 'பயமாக இருந்தது'. எல்லாமே நமக்கு 'இருந்தது'. பின்னணியை வரைகிறோமா, ஒரு சம்பவத்தைச் சொல்கிறோமா என்று பார்க்க வேண்டும். 'தூங்கிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது' என்பதில் தூக்கம் பின்னணி, தொர்மீயா. போன் சம்பவம், சோனோ. எனக்கு இது கைவர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போதும் 'பயமாக இருந்தது' வரும்போது தூபேயா தெனீயாவா என்று ஒரு கணம் நிற்பேன்.

பிப்ரவரி 3
நேற்று இரவு எழுதி முடித்த பிறகு ஒரு விஷயம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது, எழுதிவிடுகிறேன்.

அப்பா காலமானபோது நான் இங்கே வந்து இரண்டாவது வருடம். ஊருக்குப் போய்த் திரும்பி, பல மாதம் கழித்து, வகுப்பில் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "மி பாத்ரே ஆ முவேர்த்தோ" என்றேன். போன வருடம் நடந்தது, மூடிய பெட்டி, முரியோ என்றுதான் வர வேண்டும். அந்த ஆசிரியை ஒவ்வொரு தப்பையும் விடாமல் திருத்துகிறவர். அன்று திருத்தவில்லை. வகுப்பு முடிந்ததும் கேட்டேன். இழப்பு இன்னும் ஆறாமல் இருந்தால் ஸ்பெயினில் வருடங்கள் கழித்தும் ஆ முவேர்த்தோ என்பது உண்டு, இலக்கண நூல்களே அதைச் சொல்கின்றன, உங்கள் வாக்கியத்தில் தப்பு இல்லை என்றார்.

ஜனவரி 18இல் நான் எழுதிய பெட்டி விதியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி மூடிவிட்டதா என்று முடிவு செய்வது சில சமயம் காலண்டர் இல்லை என்பதை மட்டும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 9
கேட்டவர் தன் ஒரு நாளைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி அனுப்பியிருக்கிறார். நான்கு சரி. எமோஸ் கொமீதோ அர்ரோஸ் என்பதில் எமோஸ் வந்து உட்கார்ந்த விதம் பிரமாதம். மூன்றாவதில் மட்டும் 'எ எஸ்க்ரிபீதோ' என்று இருக்கிறது, அது எஸ்க்ரீத்தோ. இப்போது எழுதியதைப் பற்றியே எழுதும்போது வந்த பிழை என்பதால் இனி மறக்காது.

அடுத்த வாரம் அயேர் என்று தொடங்கி ஐந்து வாக்கியம் எழுதுங்கள். ஃபுய், எஸ்தூபே, ஈஸே, தூபே, பீ, ஒவ்வொன்றும் ஒரு தடவை.